கொக்கிக்குப் பின்னால் வரும் பாரம்

ஜூன் மாதத்தில் திருப்பதியிலிருந்து சித்தூருக்குக் காரில் கிளம்புகிறவர், சந்திரகிரியைத் தாண்டியதும் அவசரத்தை மூட்டை கட்டி வைத்துவிடுவது நல்லது. மாங்காய்க் காலம். தோப்புகளிலிருந்து வரும் ஒவ்வொரு மண்பாதையும் ஒரு டிராக்டரை நெடுஞ்சாலையில் கொண்டுவந்து விடும். அதன் பின்னால் டிரெய்லர். டிரெய்லரின் பக்கப்பலகைக்கும் மேலே கோபுரமாகக் குவித்த தோத்தாபுரி. நம் கிருஷ்ணகிரிப் பக்கம் பெங்களூரா என்றும் கிளிமூக்கு என்றும் சொல்வோமே, அதேதான். பாகாலாவை அடுத்த தாமலச்செருவு மண்டிகளுக்கோ, சித்தூரைச் சுற்றியுள்ள மாங்கூழ் ஆலைகளுக்கோ அது போய்க்கொண்டிருக்கும். 2025-ல் விலை சரிந்தது. கிலோவுக்கு ஆலைகள் 8 ரூபாய், அரசு 4 ரூபாய் என்று ஆந்திர அரசு கணக்குப் பிரித்தது. அந்த சீசனில் ஆலை வாசல்களில் டிராக்டர்கள் நாள்கணக்கில் வரிசை கட்டி நின்றன. பத்திரிகைப் படங்களில் மாங்காயும் விவசாயிகளின் முகமும் தெரிந்தன. நான் அந்தப் படங்களில் தேடிப் பார்த்தது கொக்கியை. டிராக்டரையும் டிரெய்லரையும் சேர்ப்பது அந்தக் கொக்கியும், அதில் செருகிய ஒரு சாண் இரும்பு முளையும்தான். பிரேக் குழாய் எதுவும் அந்த இடத்தைத் தாண்டிப் பின்னால் போவதில்லை.

    இன்று பேச்சு இழுவையைப் பற்றி மட்டும்.

இழுவை என்றால் அமெரிக்கருக்கு டிராக்டர் நினைவுக்கு வராது. வாரக் கடைசியில் வீட்டு வாசலில் நிற்கும் பெரிய எஸ்.யூ.வி.யின் பின்னால் படகையோ, சக்கரம் வைத்த வீட்டையோ மாட்டிக்கொண்டு ஏரிக்குக் கிளம்புவதுதான் அவருக்கு இழுவை. ஷெவர்லே டாஹோ, ஃபோர்டு எக்ஸ்பெடிஷன் போன்ற வண்டிகளின் விளம்பரத்தில் மைலேஜுக்குச் சமமாக இடம்பிடிப்பது இழுவைத் திறன் என்ற எண். நாலு டன்னை ஒட்டி இருக்கும். ஆஸ்திரேலியாவிலும் அப்படித்தான். அங்கே ஓடும் வண்டிகளில் ஒன்று நமக்கு நன்றாகவே தெரிந்தது: டொயோட்டா ஃபார்ச்சூனர். நம் ஊரில் கட்சிக்கொடி கட்டிக்கொண்டு போகும் அதே ஃபார்ச்சூனர் அங்கே குதிரையை இழுக்கிறது, படகை இழுக்கிறது, குடும்பத்தோடு தங்கும் கேரவனை இழுக்கிறது.

அந்த ஃபார்ச்சூனருக்கு ஆஸ்திரேலியாவில் இரண்டு இழுவை எண்கள் கொடுத்திருக்கிறார்கள். ஒன்று 3,100 கிலோ. இன்னொன்று 750 கிலோ. எஞ்சின் ஒன்று, கியர் ஒன்று, கொக்கி ஒன்று. வித்தியாசம் பின்னால் வரும் டிரெய்லரில் இருக்கிறது. டிரெய்லருக்குச் சொந்தமாக பிரேக் இருந்தால் 3,100. இல்லாவிட்டால் 750. அந்நாட்டுச் சட்டமும் அதே கோட்டில்தான் நிற்கிறது. 750 கிலோவுக்கு மேல் எடையுள்ள டிரெய்லருக்கு பிரேக் கட்டாயம். 2,000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரங்களுக்கும் பிரேக் வேண்டும். கொக்கி அறுந்து டிரெய்லர் தனியே பிரிந்தால் தானாகவே பிரேக் பிடித்து நிற்கும் ஏற்பாடும் வேண்டும்.

இந்த இரண்டு எண்களை வைத்துக்கொண்டு சந்திரகிரிச் சாலையைப் பாருங்கள். இரண்டு டன் எடையுள்ள டிராக்டர் ஒன்று, தன்னைப்போல் இரண்டு மூன்று மடங்கு பாரத்தை பிரேக் இல்லாத டிரெய்லரில் இழுத்துக்கொண்டு போகிறது. வேகம் குறைவு என்பது உண்மை. ஆஸ்திரேலியக் கேரவன் மணிக்கு 100 கிலோமீட்டரில் ஓடுவது, டிராக்டர் அதில் கால்வாசி. சமதளத்தில் அந்த வேகக்குறைவே டிராக்டருக்குக் காப்பு. சரிவு வந்ததும் அந்தக் காப்பு போய்விடுகிறது.

இழுப்பது எவ்வளவு சுலபம் என்று காட்டுவதற்காகவே கம்பெனிகள் சில வித்தைகள் செய்வதுண்டு. 2016-ல் லேண்ட் ரோவர் டிஸ்கவரி ஸ்போர்ட் ஒன்று ஸ்விட்சர்லாந்தில் 108 டன் எடையுள்ள ரயில்பெட்டிகளைத் தண்டவாளத்தில் பத்துக் கிலோமீட்டர் இழுத்தது; ரைன் ஆற்றுப் பாலத்தையும் தாண்டிப் போனது. 2012 அக்டோபரில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் எண்டெவர் விண்வெளி ஓடத்தை ஒரு டொயோட்டா டண்ட்ரா பாலத்தின்மேல் இழுத்துச் சென்றது. பார்ப்பவர்கள் வாய் பிளந்தார்கள். கணக்குப் போட்டால் அவ்வளவு பிளக்க வேண்டியதில்லை. இரும்புத் தண்டவாளத்தில் உருளும் ஒரு டன்னை நகர்த்த ஏறத்தாழ இரண்டு கிலோ அளவுக்கு இழுவிசை போதும். தார்ச்சாலையில் டயர்மீது உருளும் டன்னுக்குப் பதினைந்து கிலோ. அதாவது ஆறு டன் எடையுள்ள மாங்காய் டிரெய்லரை மட்டமான சாலையில் நகர்த்திக்கொண்டிருக்க 90 கிலோ விசை ஆகும். நாலைந்து பேர் சேர்ந்து தள்ளினால் அசையும்.

இப்போது சாலை சரியட்டும். நூறு மீட்டருக்கு ஆறு மீட்டர் இறங்கும் சரிவு, மலைப்பாதைகளில் சாதாரணம். ஒவ்வொரு டன்னும் 60 கிலோ விசையோடு கீழே தள்ளும். ஆறு டன்னுக்கு 360. டயரின் உராய்வைக் கழித்தாலும் 270 கிலோ விசை டிராக்டரின் முதுகில் விடாமல் அழுத்திக்கொண்டே வருகிறது. இழுபட்டு வந்தது தள்ள ஆரம்பித்துவிட்டது. ஏறும்போது எஞ்சின் திணறும், புகை கக்கும், எல்லாருக்கும் தெரியும்படி கஷ்டப்படும். இறங்கும்போது சத்தமே இருக்காது.

இதில் டிராக்டரின் இரண்டு சங்கடங்களைச் சொல்ல வேண்டும். பெரும்பாலான டிராக்டர்களுக்குப் பின்சக்கரங்களில் மட்டுமே பிரேக் உண்டு. அதுவும் இடது சக்கரத்துக்கு ஒரு பெடல், வலது சக்கரத்துக்கு ஒரு பெடல். வயலில் உழும்போது ஒரு பக்கம் மட்டும் அழுத்தினால் நின்ற இடத்திலேயே திரும்பலாம் என்பதற்காகச் செய்த வசதி. சாலைக்கு ஏறும்போது இரண்டு பெடலையும் ஒரு தாழ்ப்பாள் போட்டு இணைத்துக்கொள்ள வேண்டும். வயலிலிருந்து நேரே நெடுஞ்சாலைக்கு வரும் அவசரத்தில் அந்தத் தாழ்ப்பாள் மறந்துபோனால், அழுத்தும் கால் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் டிராக்டர் திரும்பும். பின்னால் ஆறு டன் நேராக வந்துகொண்டிருக்கும். இரண்டுக்கும் நடுவில் கொக்கி மடங்கும். டிராக்டரின் பின்பக்கத்தை டிரெய்லர் ஒதுக்கித் தள்ளும். அப்புறம் ஓட்டுநரின் கையில் ஒன்றும் இல்லை.

இன்னொன்று, பாரம் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பது. இரண்டே சக்கரம் உள்ள டிரெய்லரில் முன்பக்கம் அதிகம் ஏற்றினால் கொக்கியை அழுத்தி டிராக்டரின் முன்சக்கரத்தைத் தூக்கும். ஸ்டியரிங் காற்றில் ஆடும். பின்பக்கம் அதிகம் ஏற்றினால் டிரெய்லர் வாலை ஆட்டும். கார்களில் இது இன்னும் கொடுமை. வேகம் கூடக்கூட ஆட்டம் பெருகி காரையே சுழற்றி எறியும். டிரெய்லரின் மொத்த எடையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் கொக்கியின்மேல் உட்கார வேண்டும் என்று அமெரிக்காவில் வைத்திருக்கும் கணக்கு இதற்காகத்தான். படகுக்கு எஞ்சின் வாலில் இருப்பதால், படகு டிரெய்லரின் அச்சையும் நன்றாகப் பின்தள்ளி வைப்பார்கள்.

இழுப்பதைவிட நிறுத்துவதுதான் கடினம் என்ற அறிவு நமக்குப் புதிதா என்றால் இல்லை. திருவாரூரில் ஆழித்தேர் நகரும் நாளில் வடம் பிடிக்க ஆயிரக்கணக்கில் கூட்டம் வரும். அன்று வடத்தைத் தொட்டவர் எல்லாரும் தேர் இழுத்தவர்தான். ஆனால் சக்கரத்துக்குப் பக்கத்தில், கையில் முட்டுக்கட்டையோடு ஒரு சிலர் மட்டும் ஓடிக்கொண்டிருப்பார்கள். எந்த நொடியில் எந்தச் சக்கரத்துக்கு அடியில் கட்டையை எறிவது என்பது அவர்களுக்கு மட்டும் தெரியும். திரும்புவதும் நிற்பதும் அவர்கள் கையில். இழுப்பதற்குப் பக்தி போதும். நிறுத்துவதற்குப் பயிற்சி வேண்டியிருந்தது. பிற்காலத்தில் திருச்சி பெல் நிறுவனம் அந்தத் தேருக்கு இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது. தேரைத் தள்ள புல்டோசரும் வந்தது. அத்தனைக்குப் பிறகும் முட்டுக்கட்டைக்காரர்களை யாரும் வீட்டுக்கு அனுப்பவில்லை.

சந்திரகிரிக்குப் பக்கத்திலேயே இதே அறிவு சட்டமாக இருக்கிறது. திருமலைக்குச் செல்லும் முதல் மலைப்பாதை 1944-ல் திறந்தது, இரண்டாவது 1974-ல். இன்று இரண்டாவதில் ஏறி முதலாவதில் இறங்குகிறோம். நேரம் பதிந்த சீட்டோடு போகும் வாகனம் ஏறுவதற்குக் குறைந்தது 28 நிமிடம் எடுக்க வேண்டும். இறங்குவதற்குக் குறைந்தது 40 நிமிடம். முன்னதாகவே கீழே வந்து சேர்ந்தவருக்கு அபராதம். ஏறுவதைவிட இறங்குவதற்கு அதிக நேரம் விதித்த சாலை வேறெங்காவது இருந்தால் எனக்குச் சந்தோஷம்தான். ஏழுமலையான் தரிசனம் முடித்து மொட்டைத் தலையோடு இறங்கும் பக்தர்கள், அந்தப் பன்னிரண்டு நிமிட வித்தியாசத்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்று எண்ணியதில்லை. லட்டைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வருவார்கள்.

அமெரிக்காவில் ஒரு மலைப்பாதை இழுக்கும் வண்டிகளுக்குத் தேர்வே நடத்துகிறது. அரிசோனா மாநிலத்தில் டேவிஸ் டேம் என்ற இடத்திலிருந்து மேலேறும் சாலை. நீளம் 18 கிலோமீட்டரை ஒட்டி, ஏற்றம் 900 மீட்டர் அளவு. திருமலைப் பாதையின் ஒன்றுவிட்ட சகோதரன் என்றே சொல்லலாம். ஒருகாலத்தில் ஒவ்வொரு கார் கம்பெனியும் தன் இழுவை எண்ணைத் தானே கணக்குப் போட்டு அச்சடித்துக்கொண்டிருந்தது. பக்கத்துக் கம்பெனிக்காரனைவிடப் பத்துக் கிலோ அதிகம் என்று போடுவதில் போட்டி. 2008-ல் அங்குள்ள வாகனப் பொறியாளர் சங்கம் பொதுவான ஓர் அளவுகோலை வகுத்தது. உச்சி வெயிலில், ஏசியை முழுசாகத் திருப்பிவைத்து, முழுப் பாரத்தையும் மாட்டிக்கொண்டு, மணிக்கு 64 கிலோமீட்டருக்குக் குறையாமல் டேவிஸ் டேம் ஏறியாக வேண்டும். அதோடு நிற்கவில்லை. பாரத்தோடு எவ்வளவு தூரத்தில் நிற்கிறது, சரிவில் கைபிரேக் பிடிக்கிறதா, டிரெய்லர் ஆட்டம் எப்போது தொடங்குகிறது எல்லாமே தேர்வில் வரும். டொயோட்டா முதலில் ஒப்புக்கொண்டது. மற்றவர்கள் கொஞ்ச காலம் ஆளுக்கொரு சாக்குச் சொல்லிவிட்டுப் பின்னால் வந்தார்கள்.

நம் மலைப்பாதைகளில் தேர்வு நடத்த யாரும் இல்லை. விபத்துதான் நடத்துகிறது. சந்திரகிரியிலிருந்து ரங்கம்பேட்டை வழியாகப் பீலேருக்குப் போகும் சாலையில் பாக்கராப்பேட்டை கணவாய் இருக்கிறது. 2022 மார்ச்சில், தர்மாவரத்திலிருந்து நிச்சயதார்த்தத்துக்காகத் திருப்பதி நோக்கி வந்த பேருந்து இரவு நேரத்தில் அங்கே பள்ளத்தில் விழுந்தது. சித்தூருக்கும் பலமநேருக்கும் நடுவே மொகிலி கணவாயில் 2024 செப்டம்பரில் அரசுப் பேருந்தும் லாரியும் மோதியதில் எட்டுப் பேர் வரை இறந்தார்கள். இவை பேருந்துகள், பிரேக் உள்ளவை. டிரெய்லர் கதை 2022 டிசம்பரில் நடந்தது. பூதலப்பட்டு மண்டலத்தில் லட்சுமய்யா ஊர் என்ற இடத்தில், கல்யாண வீட்டாரை ஏற்றிச் சென்ற டிராக்டர் கவிழ்ந்து ஆறு பேர் இறந்தார்கள். அதற்கு இரண்டு மாதம் முன்புதான் உத்தரப் பிரதேசத்தில் கான்பூர் பக்கம் கோயிலிலிருந்து திரும்பிய டிராக்டர் டிரெய்லர் குட்டையில் கவிழ்ந்து 26 பேர் போனார்கள். இரண்டு இடத்திலும் டிரெய்லரில் இருந்தது மாங்காய் அல்ல, உறவுக்காரர்கள்.

தருமபுரிக்காரர்களுக்கு இதையெல்லாம் விளக்கத் தேவையில்லை. தொப்பூர் கணவாய் அவர்கள் வீட்டு வாசல். டீசல் மிச்சம் பிடிக்க லாரியை நியூட்ரலில் விட்டு இறங்குவதும், பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போவதும், முன்னால் போகும் கார்களை வரிசையாக இடித்துக்கொண்டு போவதும் அங்கே ஆண்டுதோறும் நடந்திருக்கிறது. பழைய லாரி ஓட்டுநர்கள் கிளீனர் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம், ஏறின கியரிலேயே இறங்கணும் என்பது. சிறிய கியரில் இறங்கினால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்குக்கு ஓய்வு கிடைக்கும். நியூட்ரலில் விட்ட நொடியில் அந்தப் பிடி போய்விடும். டிராக்டருக்கும் விதி இதேதான்.

பெரிய பாரம் என்றாலே ஆபத்து என்று இதற்கு அர்த்தமில்லை. வந்தவாசிப் பக்கம் கொரக்கோட்டையில் வெட்டிய கோதண்டராமர் சிலைக் கல், 2018 டிசம்பரில் புறப்பட்டு 2019 ஜூனில்தான் பெங்களூரு போய்ச் சேர்ந்தது. முந்நூறு டன்னுக்கு மேல் எடை, 240 சக்கரம். தமிழ்நாட்டில் அதிகம் பேர் வேடிக்கை பார்த்த டிரெய்லர் அதுவாகத்தான் இருக்கும். டயர் வெடித்தது, வீடுகளின் முகப்பை இடிக்க வேண்டி வந்தது, பாலம் தாங்காதென்று ஆற்றுக்குள் மண்பாதை போட்டார்கள். ஆறு மாதமும் போனது பாதையைச் சரிசெய்வதில். அவ்வளவு எடை நிற்க மறுத்து யாரையும் நசுக்கவில்லை, ஏனென்றால் நிறுத்துவதற்கான ஏற்பாடு அதன் அடிவயிற்றிலேயே இருந்தது.

சரி, நம் எஸ்.யூ.வி.க்கள் ஏன் எதையும் இழுப்பதில்லை? ஒருகாலத்தில் இழுத்தன. இரண்டாம் உலகப்போர் ஜீப்பின் பின்னால் இரண்டு சக்கர டிரெய்லர் ஒன்று பல சமயம் இருக்கும். ஜீப்பை முதலில் வடிவமைத்த அமெரிக்கன் பாண்டம் என்ற சின்னக் கம்பெனிக்கு, ஜீப் செய்யும் பெரிய ஆர்டர் கிடைக்காமல் வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் போய்விட்டது. ஆறுதல் பரிசாக அதற்குக் கிடைத்தது, ஜீப்புக்குப் பின்னால் மாட்டும் டிரெய்லர் செய்கிற வேலை. பெற்ற பிள்ளையைத் தத்துக் கொடுத்துவிட்டு அதன் பெட்டியைச் சுமந்த கதை. மஹிந்திரா வழியாக ஜீப் நம் நாட்டுக்கு வந்து, ராணுவத்தில் டிரெய்லரோடு நிலைத்தது. தனியார் கையில் டிரெய்லர் நிலைக்கவில்லை.

காரணம் தேடினால் சட்டம் தடுத்தது என்று சொல்ல முடியாது. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் டிரெய்லருக்குத் தனி வரையறை உண்டு. சட்டத்தின் கண்ணில் அது எஞ்சின் இல்லாத மோட்டார் வாகனம். தனிப் பதிவு, தனி நம்பர் பிளேட். ஆனால் வார இறுதிக்கு வாடகைக்கு எடுத்து மாட்டிக்கொண்டு போவதற்கு டிரெய்லரும் இல்லை, நிறுத்த இடமும் இல்லை, ரிவர்ஸ் எடுக்கத் தெரிந்தவரும் இல்லை. டிரெய்லரோடு பின்னால் போவது, ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தால் டிரெய்லர் வலப்பக்கம் போகும் விவகாரம். அமெரிக்காவில் படகுத் துறைகளில் கணவன் மனைவி சண்டை வருவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் என்பார்கள். டிரெய்லரைச் சரிவில் இறக்கி, சக்கரம் தண்ணீரில் மூழ்கும்வரை பின்னால் போய், படகை மிதக்க விட்டு, ஈரச் சரிவில் சறுக்காமல் வண்டியை மேலேற்ற வேண்டும். ஓடிவந்த சூட்டோடு சக்கரத்தைத் தண்ணீரில் இறக்கினால் பேரிங் சட்டென்று குளிர்ந்து நீரை உறிஞ்சிக்கொள்ளும். நாளடைவில் அது கெட்டுப்போகும். அதனால் அனுபவஸ்தர்கள் கரையில் கொஞ்சநேரம் ஆறவிடுவார்கள்.

2022 ஏப்ரல் 4-ல் புது மாவட்டங்கள் பிரிந்தபோது, சூளூர்ப்பேட்டையும் பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதியும் திருப்பதி மாவட்டத்துக்கு வந்தன. மலைக்கோயில் மாவட்டத்துக்குக் கடற்கரை கிடைத்தது. அந்தக் கரையிலும் நம் மெரினாவிலும் படகுக்கு எஸ்.யூ.வி. தேவைப்படவில்லை. மெரினா மணலில் ஃபைபர் படகுகளை மேலேற்றுவது டிராக்டர். அரை நூற்றாண்டுக்கு முன்னால் இருபது பேர் தோள் கொடுத்த வேலை அது.

படகும் டிரெய்லரும் நமக்கு எங்கே உண்மையிலேயே வேண்டியிருக்கிறது என்பதை வெள்ளம் காட்டியது. 2021 நவம்பர் 18-ல் திருப்பதித் தெருக்களில் தண்ணீர் ஆறாக ஓடியது. மூன்று நாள் கழித்து, சந்திரகிரித் தொகுதியில் இருக்கும் ராயலச்செருவுப் பேரேரியின் கரையில் கசிவு கண்டு, கீழே இருந்த கிராமங்களைக் காலி செய்யச் சொன்னார்கள். அந்நேரத்தில் மலையடி ஊர் ஒன்றுக்குப் படகு எப்படி வந்து சேரும்? தேசியப் பேரிடர் மீட்புப் படையிடம் காற்றடைக்கும் ரப்பர் படகுகள் இருக்கின்றன. மடித்து வண்டியில் போட்டுக்கொண்டு வரலாம். அந்தப் படை வந்து சேரும்வரை உள்ளூரில் கிடைப்பது மீன்பிடிப் படகு. 2018 கேரள வெள்ளத்தில் கடற்கரை மீனவர்கள் நூற்றுக்கணக்கான படகுகளை லாரிகளில் ஏற்றி செங்கன்னூருக்கும் ஆலுவாவுக்கும் கொண்டுபோனார்கள். படகை லாரிமேல் தூக்கி வைக்க ஒரு கூட்டம், இறக்க ஒரு கூட்டம். இறக்கிய இடத்தில் மதில்களிலும் கேட்டுகளிலும் இடித்து அடி பெயர்ந்த படகுகள் ஏராளம். ஒரு பொலேரோவும் படகு டிரெய்லரும் இருந்திருந்தால், தண்ணீர் தொடங்கும் இடத்தில் பின்னால் போய் இரண்டே பேர் படகை மிதக்க விட்டிருக்கலாம். மாவட்டத்துக்குப் பத்து டிரெய்லர் வாங்கிப் போட்டுவைக்க ஆகும் செலவு, ஒரு மேம்பாலத் திறப்பு விழாப் பந்தலுக்கு ஆகும் செலவைவிட அதிகமாக இருக்காது என்பது என் ஊகம்.

மாங்காய் டிரெய்லருக்குத் திரும்ப வருவோம். டிராக்டர் லைசென்ஸ் வைத்திருப்பவர் டிரெய்லரை மாட்டினால் அந்த லைசென்ஸ் செல்லுமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. செல்லும் என்று 2001-ல் நாகஷெட்டி வழக்கில் தீர்ப்பு வந்தது. 7,500 கிலோவுக்கு உட்பட்ட வாகனங்களின் லைசென்ஸ் பற்றிய நெடுநாள் தகராறையும் 2024 நவம்பரில் அரசியல் சாசன அமர்வு ஓட்டுநர்களுக்குச் சாதகமாக முடித்தது. இன்சூரன்ஸ் கம்பெனிகள் தோற்ற இந்த வழக்குகளில், பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கிடைக்க வழி பிறந்தது நல்லதே. ஆனால் எல்லா வழக்கிலும் கேள்வி ஓட்டியவரின் லைசென்ஸைப் பற்றியது. டிரெய்லருக்கு பிரேக் இருந்ததா என்ற கேள்வி எழுந்ததாக நான் படித்ததில்லை.

இரவில் இன்னொரு கஷ்டம் சேர்ந்துகொள்ளும். டிரெய்லரின் பின்னால் விளக்கு எரியாது. பிரதிபலிப்பான் ஒட்டியிருந்தாலும் கரும்புத் தோகை தொங்கி மறைக்கும், அல்லது சேறு. எண்பது கிலோமீட்டரில் வரும் காருக்கு முன்னால் இருபது கிலோமீட்டரில் போகும் இருட்டு. போலீஸார் அவ்வப்போது சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டும் முகாம் நடத்துகிறார்கள். அடுத்த மழையில் அது உரிந்துவிடும்.

விவசாயியைக் குறை சொல்லிவிட்டுப் போவது சுலபம். அவர் பக்கம் நின்று பாருங்கள். ஆலை வாசலில் இரண்டு நாள் காத்திருக்க லாரிக்காரர் சம்மதிக்கமாட்டார், சம்மதித்தாலும் வாடகை மாங்காய் விலையைத் தின்றுவிடும். டிரெய்லர் என்றால் சொந்தம். வரிசையில் கழற்றிவிட்டு, டிராக்டரை மட்டும் ஓட்டிக்கொண்டு இன்னொரு தோப்பு வேலைக்குப் போகலாம். எஞ்சின் ஒன்று, பெட்டி இரண்டு என்ற இந்தச் சிக்கனத்துக்காகத்தான் உலகம் முழுக்க டிரெய்லர் இருக்கிறது. அதை எடுத்துவிடச் சொல்ல யாருக்கும் யோக்கியதை இல்லை.

பிரேக் வைப்பதும் நடக்காத காரியம் அல்ல. மிக எளிய வகை ஒன்றில் குழாய்கூடத் தேவையில்லை: இழுக்கும் வண்டி வேகம் குறைந்ததும் டிரெய்லர் முன்னால் அழுந்தும், அந்த அழுத்தமே கொக்கியில் உள்ள தண்டைத் தள்ளி டிரெய்லர் பிரேக்கைப் பிடிக்கவைக்கும். ஐரோப்பியக் கேரவன்களில் இதுதான். கனமான டிரெய்லருக்கு ஹைட்ராலிக் எண்ணெய்க் குழாய் வழியே, டிராக்டர் பெடலை மிதித்ததும் சேர்ந்து பிடிக்கும் வகை. இங்கேதான் எனக்கு ஆச்சரியம். சித்தூர்ப் பக்கம் ஓடும் டிப்பர் டிரெய்லர்களில் டிராக்டரிலிருந்து ஒரு ஹைட்ராலிக் குழாய் ஏற்கெனவே கொக்கியைத் தாண்டிப் பின்னால் போகிறது. பெட்டியைத் தூக்கி மண்ணையோ ஜல்லியையோ கொட்டுவதற்காக. அந்தக் குழாய் இரண்டு ஆள் கூலியைத் தினமும் மிச்சம் பிடிக்கிறது, அதனால் அதற்குப் பணம் போட யாரும் யோசிக்கவில்லை. பிரேக் எந்த நாளும் கூலி கொடுக்காது.

அதனால் இதை விவசாயியின் தலையில் கட்டாமல், பாரம் கடைசியில் போய்ச் சேரும் இடத்தில் தொடங்கலாம் என்று தோன்றுகிறது. கூழ் ஆலை, சர்க்கரை ஆலை எல்லாவற்றின் வாசலிலும் எடைமேடை இருக்கிறது. ஒவ்வொரு டிரெய்லரும் அதில் ஏறி நின்று, எடைச்சீட்டு வாங்கித்தான் உள்ளே போகிறது. கிலோவுக்கு எத்தனை ரூபாய் யார் தருவது என்று அரசும் ஆலையும் உட்கார்ந்து பேச முடிந்த மாவட்டத்தில், பிரேக் வைத்த டிரெய்லருக்கு வரிசையில் முன்னுரிமை என்று ஒரு வரி சேர்த்துப் பேசுவது பெரிய விஷயமில்லை. இரண்டு நாள் காத்திருப்பு ஒரு நாளாகக் குறையும் என்றால், அடுத்த மாங்காய்க் காலத்துக்குள் சித்தூர் லேத் பட்டறைகள் மற்றதைப் பார்த்துக்கொள்ளும்.